மாயா நீலத்தில் கல்நார் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன்பு உங்கள் ஞாயிறு இணைப்பில், மெக்சிகோவின் மாயர்கள் சுவரோவியங்களில் பூசிய நீல வண்ணத்தைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படம் அருமை. எழுத்தும் சரளம். ஆனால் மூன்றாவது பத்தியில், அவுரிச் சாயத்தோடு 'ஒருவகைக் கல்நாரை அரைத்துக் கலந்தார்கள்' என்று ஒரு வரி இருக்கிறது. கல்நார் என்றால் ஆஸ்பெஸ்டாஸ், நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் தருவது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த நீளக் கடிதம். வெட்டிச் சுருக்குவது உங்கள் உரிமை. அந்த வரியைத் திருத்தாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கட்டுரை வந்த அன்று மாலையே சென்னையிலிருந்து பேத்தி போன் செய்தாள். அவள் பூனை வளர்க்கிறாள். பூனை வெளிக்குப் போவதற்கென்று மண் ஒன்று பையில் விற்கிறார்களே, அந்தப் பையின் மேல் 'அட்டாபுல்கைட்' என்று அச்சிட்டிருக்கிறதாம். மாயா நீலத்தில் இருப்பதும் அதே அட்டாபுல்கைட்தான் என்று எங்கேயோ தேடிப் பிடித்துவிட்டாள். உங்கள் கட்டுரையோ அதைக் கல்நார் என்கிறது. "தாத்தா, இத்தனை நாளாகப் பூனைக்கு நான் கல்நாரையா கொட்டி வைத்திருக்கிறேன்?" என்று குரல் நடுங்கக் கேட்டாள். அதற்குள் பாதிப் பையைக் குப்பையில் போட்டாயிற்று. மீதிப் பை மொட்டை மாடியில் ஈரத்துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் களிமண்ணோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவன் நான். என்னிடமே இப்படிக் கேள்வி வந்தால் எனக்கு எப்படி இருக்கும்!

நான் வேதாரண்யத்துக்காரன். வேதியியலில் பட்டம் வாங்கிய கையோடு எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் காவிரிப் படுகை, பிறகு வளைகுடா. பதவியின் பெயர் மட் இன்ஜினியர். மட் என்றால் சேறுதான். "படிக்க வைத்தால் சேறு குழைக்கப் போய்விட்டான்" என்று என் பெரியப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பூமியைத் துளைக்கும்போது குழாய் வழியாக உள்ளே இறக்கிச் சுழற்றுகிற சேறு அது. துளைக்கும் முனையின் சூட்டைத் தணிக்க வேண்டும், உடைந்த கல்துகளை மேலே சுமந்து வர வேண்டும், கிணற்றின் சுவர் சரியாமல் தாங்க வேண்டும். சேறு சரியில்லை என்றால் கோடிக்கணக்கில் போட்ட கிணறு போய்விடும்.

இந்தச் சேற்றுக்கு உடம்பு தருவது களிமண். நல்ல தண்ணீர் இருக்கிற இடத்தில் பெண்டோனைட் போடுவோம். அது தகடு தகடாக அடுக்கிய களிமண். வெற்றிலைக் கவுளியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பட்டால் இலைகளுக்கு நடுவே நீர் புகுந்து கவுளி உப்பும், இலைகள் பிரிந்து நீரில் பரவும், சேறு கொழகொழவென்று ஆகும். இலைகளைப் பிரித்து வைப்பது அவற்றின் மேல் இருக்கும் மின்னேற்றம். நீரில் உப்பைக் கொட்டினால் அந்த விலக்கம் அடங்கிவிடும். எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி சேறு திரிந்து, களிமண் கீழேயும் தெளிந்த நீர் மேலேயுமாகப் பிரிந்துகொள்ளும்.

வளைகுடாவில் குடிப்பதற்கே லாரியில் தண்ணீர் வரும். சேறு குழைக்க உப்புநீர்தான். அங்கே பெண்டோனைட் வேலைக்கு ஆகாது. அட்டாபுல்கைட்தான் வேண்டும். இது இலை அல்ல, துரும்பு. ஒரு மைக்ரான் நீளம்கூட எட்டுமோ எட்டாதோ என்கிற நுண்ணிய ஊசிகள். பக்குவமாகக் கலக்கினால் வைக்கோல் போர் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று தாறுமாறாக விழுந்து, நடுவிலே நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மின்னேற்றத்தை நம்பி நிற்பதில்லை, ஊசிகளின் சிக்கலை நம்பி நிற்கிறது. அதனால் உப்பைக் கொட்டினாலும் சேறு கலைவதில்லை. ஆனால் சும்மா துடுப்பால் கிளறினால் போதாது. ஊசிகள் கட்டுக்கட்டாக ஒட்டிக் கிடக்கும்; இயந்திரம் போட்டு அடித்துப் பிரிக்க வேண்டும். இன்னொரு குறையும் உண்டு. வைக்கோல் போருக்குள் நீர் நிற்கும், ஆனால் போரே ஒழுகும். கிணற்றுச் சுவருக்குள் நீர் கசிவதை இது தடுக்காது. அதற்குத் தனியாக ஸ்டார்ச் சேர்ப்போம். நம் வீட்டுக் கஞ்சிப் பசைதான்.

ஒருநாள் இரவு, ஷிப்டு மாறும் நேரம். அட்டாபுல்கைட் என்று அச்சிட்ட மூட்டைகளை ஆட்கள் பிரித்துக் கொட்டக் கொட்டச் சேறு இளகிக்கொண்டே போனது. எங்களிடம் மார்ஷ் புனல் என்று ஒன்று உண்டு. அதில் சேற்றை நிரப்பி, ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர், கீழே வடிய எத்தனை விநாடி என்று எண்ண வேண்டும். வெறும் தண்ணீருக்கு 26 விநாடி. அன்று என் சேறு 45லிருந்து 29க்கு இறங்கிவிட்டது. அதாவது தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்குத் தெரியாமல் நீரைக் கூட்டிவிட்டேன் என்று மேற்பார்வையாளர் என்மேல் பாய்ந்தார். நான் ஒன்றும் பேசவில்லை. சமையல் கூடாரத்திலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர் வாங்கி வந்தேன். இரண்டிலும் அதே உப்புநீர். ஒன்றில் பழைய மூட்டையிலிருந்து இரண்டு கரண்டி, மற்றதில் புதிய மூட்டையிலிருந்து இரண்டு கரண்டி. இரண்டையும் மிக்சரில் தனித்தனியே பத்து நிமிடம் அடித்து மேசையில் வைத்தேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் பழையது கேழ்வரகுக் கூழ் மாதிரி இறுகி நின்றது. புதியதில் மேலே தெளிந்த நீர், கீழே சாம்பல் நிற வண்டல். மூட்டை மாற்றி அனுப்பிய வியாபாரி வைத்திருந்தது பெண்டோனைட். மேற்பார்வையாளர் டம்ளரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. மறுநாள் காலை உணவில் எனக்கு ஒரு முட்டை கூடுதலாக வந்தது.

இந்தக் களிமண்ணுக்குப் பெயர்கள் பல. ரஷ்யாவின் உரால் மலைப் பகுதியில் கிடைத்ததற்கு 1862இல் பாலிகோர்ஸ்கைட் என்று பெயர் வைத்தார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அட்டாபுல்கஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கிடைத்ததைப் பார்த்து 1935இல் லாப்பாரன் என்கிற பிரெஞ்சுக்காரர் அட்டாபுல்கைட் என்றார். பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அறிவியல் உலகம் பழைய பெயரை வைத்துக்கொண்டது, மூட்டை விற்கிறவர்கள் புதிய பெயரை விடவில்லை. இதற்கு ஒரு பங்காளியும் உண்டு. அதன் பெயர் செபியோலைட். துருக்கியில் எஸ்கிசெஹிர் ஊரில் வெள்ளையாகக் கட்டி கட்டியாகத் தோண்டியெடுத்து, புகைக்குழாய் செதுக்குகிறார்களே, அதுதான். காய்ந்த கட்டி தண்ணீரில் மிதக்கும். ஜெர்மன்காரர்கள் அதைக் கடல் நுரை என்ற பொருளில் அழைக்கிறார்கள். செபியோலைட் என்ற பெயரோ கணவாய் மீனின் ஓட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் போய்க் கணவாய் ஓடு கேட்டுப் பாருங்கள், 'கடல் நுரையா?' என்று திருப்பிக் கேட்பார்கள். ஜெர்மன்காரனும் கிரேக்கச் சொல்லும் நம் மருந்துக் கடைக்காரரும் யாரும் யாரையும் கேட்காமல் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். எனக்கு இதில் இன்றும் ஆச்சரியம் தீரவில்லை.

இது எப்படி உண்டாகிறது என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. 'சுண்ணாம்புப் பாறைகளில் காணப்படும் அபூர்வப் பொருள்' என்பதோடு முடித்துவிட்டீர்கள். உப்பளத்துக்காரனுக்கு இது எளிதாகப் புரியும். கடல்நீரைப் பாத்தியில் விட்டால் அதிலுள்ளவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்புச் சத்து இறங்கும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் உப்பு. உப்பை வாரியெடுத்த பின் பாத்தியில் மிஞ்சுகிற நீரை நாக்கில் வைத்தால் கசக்கும். அந்தக் கசப்பு மக்னீசியம். கால்சியம் முதலிலேயே கல்லாகிப் போய்விட்டது, மக்னீசியம் தங்கிவிட்டது. இதே கதை வறண்ட நிலத்தின் சுக்கான்கல்லிலும், ஆழமில்லாத பழைய கடற்கழிகளின் அடியிலும் நடக்கிறது. நீர் ஆவியாக ஆகக் கால்சியம் சுண்ணாம்பாக இறங்குகிறது. எஞ்சிய நீரில் மக்னீசியத்தின் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. அந்த நீர் காரத்தன்மையோடு இருந்து, சிலிக்காவும் போதிய அளவு கரைந்திருந்தால், மக்னீசியமும் சிலிக்காவும் கைகோத்து, சுண்ணாம்பின் இடுக்குகளில் ஊசியாக வளர ஆரம்பிக்கும். அலுமினியம் கொஞ்சம் கிடைத்தால் பாலிகோர்ஸ்கைட். கிடைக்காவிட்டால் செபியோலைட்.

வறட்சிதான் இதன் தாய்வீடு. ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடத்தில், மேல்மண்ணில் இது நிலைப்பதில்லை. மெல்ல மெல்லத் தகட்டுக் களிமண்ணாக மாறிவிடும். எங்கள் ஊரில் மழை ஆயிரத்தைத் தாண்டும். அதனால் வேதாரண்யத்து வயலில் இதைத் தேடிப் போக வேண்டாம். மாயர்கள் வாழ்ந்த மெக்சிகோவின் யுகடானிலும் நல்ல மழைதானே என்று விவரம் தெரிந்த வாசகர் யாராவது மடக்கலாம். நியாயமான கேள்வி. அங்கே அது மேல்மண்ணில் இல்லை. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. ஈயோசீன், ஒலிகோசீன் காலத்தில், அதாவது மூன்று நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அந்த இடம் ஆழமற்ற கடற்கழியாக இருந்தபோது உண்டானது. சுற்றிலும் சுண்ணாம்பு இருக்கிறவரை நீரின் காரத்தன்மை குறையாது, ஊசிகளும் கரையாது.

சுண்ணாம்புக் கல்லுக்குள் இந்த ஊசிகள் இருப்பதை என் கண்ணால் பார்த்தது வளைகுடாவில்தான். தம்மாம் என்று பெயர் பெற்ற சுண்ணாம்பு அடுக்குகள் அந்த வட்டாரம் முழுக்கத் தரைக்குக் கீழே ஓடுகின்றன. அடுக்குகளின் நடுவே மஞ்சள் பழுப்பாகக் களிமண் வரும். எங்களோடு இருந்த நிலவியலாளர் ஒருவர், வெள்ளிக்கிழமை விடுமுறையில் சும்மா இருக்க மாட்டார். புளியங்கொட்டை அளவு கல்துண்டு ஒன்றை வினிகர் நிறைத்த ஊறுகாய்ப் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடியுமே என்றேன். "அது உன் ஊசியையும் சேர்த்துத் தின்றுவிடும். அவசரப்படாதே" என்றார். வினிகரை அவ்வப்போது மாற்றி, மூன்று வாரம் கழித்து வடிகட்டினால், கல் கரைந்துபோய், அடியில் நனைந்த காகிதக் கூழ் மாதிரி ஒரு சிட்டிகை மிஞ்சியிருந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துக் காய வைத்தார். காய்ந்ததும் சவ்வு போல உரிந்து வந்தது. சாதாரணக் களிமண் காய்ந்தால் ஓடு ஓடாக வெடிக்கும். இது வெடிக்கவில்லை, கிழிந்தது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இதே பொருள் உள்ளங்கை அகலத் தாள்களாக வளர்வதும் உண்டு, அதை மலைத்தோல் என்பார்கள் என்று சொன்னார்.

இனி உங்கள் கட்டுரையின் மாயர்களுக்கு வருகிறேன். யுகடானில் திகுல் என்ற ஊரில் குயவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் களிமண்ணை மாயா மொழியில் 'சாக் லூஉம்' என்பார்கள். வெள்ளை மண் என்று பொருள். அருகிலுள்ள சகாலும் என்ற ஊரின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். டீன் அர்னால்டு என்கிற அமெரிக்க மானிடவியலாளர் 1965இல் திகுலுக்குப் போய்க் குயவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். மற்ற வெள்ளை மண்ணிலிருந்து இதைப் பிரித்தறிய அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சட்டி வனையும் மண்ணில் சேர்ப்பார்கள். வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார்கள். பரிசோதனைக்கூடத்தில் பார்த்தால் அது பாலிகோர்ஸ்கைட். அமெரிக்க மருந்துக் கடைகளில் வயிற்றுப்போக்குக்கு விற்ற மருந்திலும் பல வருடம் இதே அட்டாபுல்கைட்தான் இருந்தது. ஒரு கல்நார் வகையை எந்த நாட்டிலாவது பாட்டிலில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்பார்களா?

நீலம் எப்படி உண்டாயிற்று என்பதில் உங்கள் கட்டுரை 'கலந்தார்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. கலந்தால் மட்டும் போதாது, சுட வேண்டும். 1931இல் சீச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரின் ஓவியங்களைப் பார்த்தபோதே இந்த நீலம் வினோதமானது என்று கண்டார்கள். அமிலம் ஊற்றினாலும் நிறம் போகவில்லை. அதில் அவுரிச் சாயமும் பாலிகோர்ஸ்கைட்டும் இருப்பது தெரிந்த பிறகு, 1966இல் வான் ஓல்பென் என்பவர் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கி அதே நீலத்தைச் செய்து காட்டினார். இந்த ஊசிகளின் குறுக்குவெட்டு ஜாலிச் சுவர் மாதிரி இருக்கும்: செங்கல், ஓட்டை, செங்கல், ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையும் 0.37க்கு 0.64 நானோமீட்டர். ஓட்டைக்குள் தண்ணீர் குடியிருக்கும். நூறு டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தண்ணீர் வெளியேறும். காலியான இடத்தில் அவுரியின் மூலக்கூறு போய் ஒட்டிக்கொள்ளும். முழுக்க உள்ளே போகிறதா, வாயிலை மட்டும் அடைத்துக்கொள்கிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. எப்படியானாலும் அதன் பிறகு அமிலத்தால் அதை எட்டித் தொட முடிவதில்லை.

இதை நான் படித்ததோடு விடவில்லை. என்னிடம் பழைய காலத்து அட்டாபுல்கைட் பொடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தது. திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டுச் சாயக்கட்டி செய்கிறார்கள். தெரிந்தவர் மூலம் ஒரு கட்டி வரவழைத்தேன். 50 கிராம் களிமண்ணுக்கு அரைக் கிராம் அவுரி. என் மாமனார் மருந்து அரைத்த கல்வத்தில் இரண்டு மணி நேரம் அரைத்தேன். தோசைக்கல்லில் வறுக்கலாம் என்று எடுத்தபோது என் மனைவி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். நியாயம்தான். கேக் செய்கிற ஓவனை வாடகை பேசாமல் மகள் கொடுத்தாள். 150 டிகிரியில் ஐந்து மணி நேரம். உள்ளே போனபோது ஈரச் சாம்பல் மாதிரி மங்கிய நீலம். வெளியே எடுத்தபோது மயில் கழுத்து. பச்சை கலந்த, பளிச்சென்ற நீலம். உங்கள் பத்திரிகையில் வந்த படத்தை அருகில் வைத்துப் பார்த்தேன். அச்சு மையை மன்னித்துவிட்டால், அதே நிறம்.

மைத்துனர் மகன் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறான். அவனிடம் மூன்று சோதனைக் குழாய்கள் கேட்டேன். ஒன்றில் வெறும் அவுரி, இன்னொன்றில் சுடாமல் கலந்த பொடி, மூன்றாவதில் சுட்ட பொடி. மூன்றிலும் நைட்ரிக் அமிலம் விட்டான். வெறும் அவுரி கண் எதிரே மஞ்சளாயிற்று. சுடாத பொடி கொஞ்சம் தயங்கிவிட்டு அதுவும் மஞ்சளாகப் போனது. மூன்றாவது குழாய் அப்படியே நின்றது. மாலைவரை நின்றது. மறுநாளும் நீலம்தான் என்று காலையில் போனில் சொன்னான்.

கட்டுரை சொல்லாமல் விட்ட இன்னொன்று, சீச்சென் இட்சாவின் புனிதக் கிணறு. யுகடானில் தரைமேல் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புத் தரை உள்வாங்கி உண்டான இயற்கைக் கிணறுகளில்தான் தண்ணீர். அந்தக் கிணற்றின் அடியில் சுமார் 14 அடி ஆழத்துக்கு நீல வண்டல் படிந்திருந்தது. மழைத் தெய்வத்துக்குப் பலியாகவும் படையலாகவும் வீசிய மனிதர்கள், பாண்டங்கள் மேலிருந்து கழுவிப்போன நீலம். அங்கிருந்து எடுத்த கிண்ணம் ஒன்று சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் உறைந்திருந்த கோபல் பிசினுக்குள் அவுரியும் பாலிகோர்ஸ்கைட்டும் ஒட்டிக்கொண்டிருப்பதை அர்னால்டு குழுவினர் 2008இல் வெளியிட்டார்கள். நாம் சாம்பிராணி போடுவதுபோல அவர்கள் கோபல் எரிப்பார்கள். அந்தச் சூட்டிலேயே நீலம் விளைந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து. ஓவன் இல்லாத ஊரில் வேறு எப்படிச் சுட்டிருப்பார்கள் என்று நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சரி, கல்நார் என்ற சொல் ஏன் கூடாது? கல்நார் என்று நாம் சொல்வது ஆஸ்பெஸ்டாஸை. கூரைத் தகட்டில் சேர்க்கிற வெள்ளைக் கல்நாரின் நாரை உருப்பெருக்கிப் பார்த்தால், தகடு ஒன்று பாயைச் சுருட்டியதுபோலச் சுருண்டு குழலாக இருக்கும். பிறந்த இடமும் வேறு: சூடான நீர் ஊடுருவி உருமாறிய கரும்பாறைகள். அந்த நார் நீளமானது, நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், நுரையீரலுக்குள் போனால் கரையாமல் கிடந்து புற்றுநோயைக் கொண்டுவரும். அதில் சந்தேகமே இல்லை.

நம் களிமண் ஊசியை முழுக்கப் பரிசுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் இதையும் எடை போட்டது. ஐந்து மைக்ரானுக்கு மேல் நீளமான பாலிகோர்ஸ்கைட் நார்களைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற சந்தேகப் பட்டியலில், 2பி பிரிவில் வைத்தது. அதைவிடக் குட்டையானவற்றுக்கும் செபியோலைட்டுக்கும் வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றது. கடற்கழியில் படிந்த ஊசிகள் பெரும்பாலும் குட்டை. பாறை வெடிப்பில் வளர்ந்த மலைத்தோல் நீளமாக இருக்கலாம், அதைக் கையில் கசக்கி ஊதி விளையாடக் கூடாது. எந்தக் களிமண் தூசியையும் வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் சும்மா இருக்காது. நாங்கள் மூட்டை பிரிக்கும்போது முகமூடி இல்லாமல் ஒருவரையும் விடமாட்டேன். 'எச்சரிக்கையாகக் கையாளவும்' என்பது ஒரு செய்தி. 'இது கல்நார்' என்பது முற்றிலும் வேறு செய்தி. வேடிக்கை என்னவென்றால், பூனை மண்ணுக்குப் பயந்து ஈரத்துணி போர்த்திய என் பேத்தியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நிழலாக நிற்பது அசல் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. அதன் விளிம்பு உடைந்து நார் தெரிகிறது. அதைப் பற்றி இதுவரை யாரும் எனக்குப் போன் செய்ததில்லை.

தமிழில் சொல் இல்லையே என்று உதவி ஆசிரியர் கேட்கலாம். 'நார்க்களிமண்' என்று எழுதுங்கள். எழுத்தெண்ணிக்கை கூடுகிறது என்றால் 'களிமண்' என்று மட்டும் எழுதினாலும் தவறில்லை. மொழிபெயர்க்கும்போது ஆங்கில மூலத்தில் நார் என்பதற்கான சொல்லையும் கனிமம் என்பதற்கான சொல்லையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டையும் கூட்டிக் கல்நார் என்று போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். அவசரத்தில் நடப்பதுதான். அடுத்த ஞாயிறு இணைப்பில் நாலு வரித் திருத்தம் போட்டால் போதும்.

சுட்ட பொடியில் ஒரு தேக்கரண்டி, சிறு புட்டியில் போட்டு, இந்தக் கடிதத்தோடு தனித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கட்டுரை எழுதியவரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்து ஊத வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மட் இன்ஜினியர்,
வேதாரண்யம்.

பி.கு.: குப்பையில் போட்ட பாதிப் பைக்குப் பதிலாகப் பேத்தி மறுபடியும் வாங்கியிருக்கிறாள். இந்த முறை கடைக்காரர் கொடுத்தது பெண்டோனைட்டாம். பூனை இரண்டு நாள் முறைத்துவிட்டு, பிறகு சமாதானமாகிவிட்டது.